ஏட்டை அளக்கும் கோல்

மேற்கோள் என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. பழைய உரையாசிரியர்கள் தம் உரைகளில் வாரி வழங்கிய மேற்கோள்களைக் கொண்டே, மறைந்துபோன நூல்கள் பலவற்றின் பெயரையாவது இன்று நாம் அறிகிறோம். தகடூர் யாத்திரை முழுமையாக நம் கைக்குக் கிட்டவில்லை. உரையாசிரியர்களும் புறத்திரட்டைத் தொகுத்தவரும் எடுத்தாண்ட பாடல்களே எஞ்சின. வளையாபதியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் இத்தகைய நூல்களைத் தேடித் தொகுத்து, ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூலே எழுதினார்கள். எனினும், தகடூர் யாத்திரைக்கு இத்தனை மேற்கோள், வளையாபதிக்கு இத்தனை மேற்கோள், ஆகவே இதனினும் அது உயர்ந்தது என்று எந்தப் புலவரும் கணக்குப் போட்டதில்லை. அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தது இருபதாம் நூற்றாண்டு. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து ஐதராபாத்துக்கு வந்து, மல்லாபூரில் வேரூன்றிவிட்ட குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. நான் பயில்வது வேதியியல். நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும் நண்பர் ஒருவர் பொருளியலில் ஆய்வு செய்கிறார், எனக்கு மூத்தவர். செங்கற் சூளைகளுக்கு ஆண்டுதோறும் வந்து திரும்பும் தொழிலாளர் குடும்பங்களிடையே அலைந்து ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கிறார். அதனை ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ என்னும் வார ஏட்டுக்கு அனுப்புவது அவர் விருப்பம். ஆனால் அவருக்கு அறிவுரை சொன்னவர்களோ, அந்த ஏட்டின் எண் போதாது, எண் மிகுந்த வெளிநாட்டு ஏடாகப் பார்த்து அனுப்பு என்கிறார்கள். “தம்பி, அது என்ன எண்? உங்கள் அறிவியல்காரர்கள் கண்டுபிடித்ததுதானே? நீயே விளக்கு” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அன்று வாயால் சொன்னதை இன்று சற்று ஒழுங்காக எழுதுகிறேன். ஏனெனில் இந்த வினா அவரோடு நிற்பதன்று. நம்முள் ஆய்வு செய்யப் புகும் ஒவ்வொருவர் வாயிலிலும் வந்து நிற்பது.

முதலில் ஏட்டை அறிவோம். சச்சின் சௌதுரி என்பார் 1949-ஆம் ஆண்டு பம்பாயில் ‘எகனாமிக் வீக்லி’ என்ற ஏட்டைத் தொடங்கினார். அது நின்றபின், 1966 ஆகஸ்டுத் திங்களில் இன்றைய பெயருடன் புதிய ஏடு பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சௌதுரி மறைந்தார். 1969 முதல் 2004 சனவரியில் தாம் மறையும் வரையில் ஆசிரியப் பொறுப்பைத் தாங்கியவர் கிருஷ்ண ராஜ். சமீக்ஷா அறக்கட்டளை இதனை நடத்தி வருகிறது. உலகில் இத்தகைய ஏடு அரிது. முற்பகுதியில் தலையங்கமும் நாட்டு நடப்புப் பற்றிய குறிப்புரைகளும் இருக்கும். அடுத்து நூல் மதிப்புரைகள். அதன்பின் அடிக்குறிப்பும் அட்டவணையும் நிறைந்த ஆய்வுக் கட்டுரைகள். செய்தித்தாளும் ஆய்வேடும் ஒரே உறைக்குள் குடித்தனம் செய்கின்றன. இந்தக் கூட்டுக் குடித்தனமே பின்னர் நம் கணக்குக்குப் பெரும் இடையூறு ஆகப் போகிறது.

இனி எண்ணின் வரலாறு. 1927-ஆம் ஆண்டு குரோஸ் என்ற பெயருடைய இருவர் அமெரிக்காவில் ஒரு சிறு ஆராய்ச்சி செய்தனர். கல்லூரி நூலகத்தில் பணம் குறைவு, வேதியியல் ஏடுகளோ மிகுதி, எவற்றை வாங்குவது? அமெரிக்க வேதியியற் கழகத்தின் ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் எந்தெந்த ஏடுகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினர். மிகுதியாக வருவதை முதலில் வாங்கு என்பது அவர்கள் முடிவு. என் துறையில் பிறந்த கணக்கு இது என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம். ஆனால் அதன் நோக்கம் நூலகத்தார்க்கு உதவுவது மட்டுமே என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

நம்மவர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் சீ. இரா. அரங்கநாதன். நூலக இயலின் ஐந்து விதிகளை வகுத்தவர் என்றே பலரும் அவரை அறிவர். நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளக்க ஒரு தனித்துறை வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாடு ஒன்றில் எடுத்துரைத்து, அதற்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயரும் சூட்டினார். ‘பிப்ளியோமெட்ரிக்ஸ்’ என்று இன்று உலகம் வழங்கும் பெயர் அலன் பிரிச்சர்டு என்பவரால் 1969-இல் முன்மொழியப்பட்டது. அதாவது நம் சீர்காழிக்காரர் இருபத்தோராண்டு முந்திக்கொண்டார்.

மேற்கோட் கணக்கைப் பெருந்தொழிலாக ஆக்கியவர் யூஜீன் கார்பீல்டு. 1955-இல் ‘சயன்ஸ்’ ஏட்டில் அவர் தம் திட்டத்தை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்வந்தவர் யார் யார் எடுத்தாண்டனர் என்று காட்டும் குறியேடு ஒன்று வேண்டும் என்பதே அத்திட்டம். வழக்கறிஞர்களிடம் இத்தகைய குறியேடு முன்பே இருந்தது. ஒரு தீர்ப்பைப் பிந்திய தீர்ப்புகள் ஏற்றனவா, தள்ளினவா என்று அறிய அமெரிக்க வழக்கறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே அதனைப் புரட்டி வந்தனர். கார்பீல்டு அதனை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். 1960-களில் அறிவியல் மேற்கோட் குறியேடு வெளியாயிற்று. 1970-களில் சமூக அறிவியலுக்கும் ஒன்று தோன்றியது. குறியேட்டில் எந்த ஏடுகளைச் சேர்ப்பது என்று தெரிந்தெடுக்க அவரும் ஐர்விங் ஷெர் என்பவரும் ஒரு விகிதத்தை வகுத்தனர். அதுதான் ‘தாக்கக் காரணி’. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்குத்தான். ஓர் ஏடு சென்ற ஈராண்டில் வெளியிட்டவற்றுக்கு இவ்வாண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்த ஈராண்டில் வெளிவந்த கட்டுரைகளின் தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவே.

இந்த வகுத்தலை நம் வார ஏட்டின் மீது பொருத்திப் பார்ப்போம். புரிவதற்காக நானே எண்களைக் கற்பனை செய்கிறேன். இவை உண்மை ஏட்டின் எண்கள் அல்ல. ஒரு வார ஏடு ஆண்டுக்கு 300 கட்டுரை வெளியிடுகிறது; ஈராண்டுக்கு 600. அவற்றுக்கு இவ்வாண்டு 600 மேற்கோள் கிடைத்தால் தாக்கக் காரணி 1. பக்கத்தில் ஒரு காலாண்டு ஏடு. ஆண்டுக்கு 20 கட்டுரை, ஈராண்டுக்கு 40. கிடைத்த மேற்கோள் 80. தாக்கக் காரணி 2. அறுநூறு முறை எடுத்தாளப்பட்ட ஏடு தாழ்ந்தது. எண்பது முறை எடுத்தாளப்பட்டது உயர்ந்தது! இதில் தவறு இல்லை. சராசரியின் இயல்பே அது. ஆனால் ‘செல்வாக்கு’ என்று நாம் சொல்வது சராசரியையா, மொத்தத்தையா?

விந்தை இன்னும் முடியவில்லை. அந்த 300-இல் 200 நடப்புக் குறிப்புரைகள், 100 மட்டுமே ஆய்வுக் கட்டுரைகள் என்று கொள்வோம். தாக்கக் காரணியில் கீழே வகுக்கும் எண்ணில் ஆய்வுக் கட்டுரைகளையும் திறனாய்வுத் தொகுப்புகளையும் மட்டுமே சேர்ப்பது வழக்கம். தலையங்கமும் மடலும் சேரா. மேலேயோ எதற்குக் கிடைத்த மேற்கோளும் சேரும். குறியேட்டார் அந்தக் குறிப்புரைகளைக் ‘கட்டுரை அல்ல’ என்று தள்ளினால், வகுக்கும் எண் 600-இலிருந்து 200 ஆகிவிடும். தாக்கக் காரணி 1-இலிருந்து 3 ஆகிவிடும். ஏட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரு கட்டுரையும் கூடவில்லை. எண் மும்மடங்கு ஆயிற்று! செய்தியும் ஆய்வும் கலந்த ஏட்டுக்கு இந்தத் தள்ளாட்டம் மிகுதி. குறிப்புரை எது, ஆய்வுரை எது என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் பிரிக்கும் பிரிப்பில் ஏட்டின் தலையெழுத்து இருக்கிறது.

அடுத்து, ஈராண்டு என்ற எல்லை. என் துறையில் ஒரு சேர்மத்தை ஆக்கும் புதுமுறை வெளிவந்தால் சில திங்களில் உலகெங்கும் செய்து பார்த்துவிடுவார்கள். அடுத்த ஆண்டே மேற்கோள் வந்து குவியும். பொருளியலில், அதிலும் ஊர் ஊராகச் சென்று தரவு திரட்டும் பொருளியலில், அது நடக்குமா? அமர்த்தியா சென் 1962-இல் ‘எகனாமிக் வீக்லி’யில் இந்திய வேளாண்மை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரிய பண்ணையைவிடச் சிறு நிலத்தில் ஏக்கருக்கு விளைவு மிகுதியாக இருப்பது ஏன் என்ற வினாவை அது எழுப்பியது. அந்த வினா அறுபது ஆண்டு கடந்தும் ஓயவில்லை. ஆனால் தாக்கக் காரணிக் கணக்கில் அக்கட்டுரைக்கு 1963, 1964 என்னும் ஈராண்டே ஆயுள். பின்வந்த மேற்கோள் யாவும் கணக்குக்கு வெளியே. இன்று ஐந்தாண்டுத் தாக்கக் காரணி என்று ஒன்றும் கணிக்கிறார்கள். அறுபதாண்டுக்கு அதுவும் போதாது.

தாண்டேகரும் ரத்தும் எழுதிய ‘இந்தியாவில் வறுமை’ இதனினும் நல்ல எடுத்துக்காட்டு. நாளொன்றுக்கு 2250 கலோரி உணவு வாங்க இயலாதவர் எத்தனை பேர் என்று கேட்டு, வறுமைக்கோட்டை எண்ணால் வரைந்த ஆய்வு அது. 1971 சனவரியில் இவ்வேட்டின் இரண்டு இதழ்களில் இரு பகுதியாக வந்தது. அதே ஆண்டில் பூனாவிலிருந்து தனி நூலாகவும் வந்தது. இனி இதனை எடுத்தாளும் ஒருவர் என்ன செய்வார்? ஒருவர் முதற் பகுதியைக் குறிப்பார். ஒருவர் இரண்டாம் பகுதியைக் குறிப்பார். மற்றொருவர் நூலைக் குறிப்பார். ஒரே ஆய்வின் மேற்கோள் மூன்று பானையில் விழுகிறது. நூலுக்கு விழுந்தது ஏட்டின் கணக்கில் ஏறாது.

தஞ்சை மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. காத்லீன் கஃப் என்ற மானிடவியல் அறிஞர் தஞ்சைச் சிற்றூர் ஒன்றின் சமூக அமைப்பைப் பற்றி 1952-இல் ‘எகனாமிக் வீக்லி’யில் எழுதினார். அக்காலத்தில் அவ்வேட்டில் வந்த சிற்றூர் ஆய்வுகளைத் தொகுத்து 1955-இல் ‘இந்தியாஸ் வில்லேஜஸ்’ என்னும் நூல் வெளிவந்தது, எம். என். சீனிவாசின் மைசூர்ச் சிற்றூர் ஆய்வும் அதில் அடக்கம். பின்வந்தவர்களில் நூலைப் பார்த்தவர் நூலையே குறித்தனர். பயிர் வளர்ந்தது ஏட்டின் வயலில். நெல் போய்ச் சேர்ந்தது நூலின் களத்தில். போதாக்குறைக்கு ஏட்டின் பெயரும் 1966-இல் மாறியது. எந்திரத்துக்குப் பழைய ஏடும் புதிய ஏடும் வேறு வேறு. தாயின் புகழ் மகள் கணக்கில் சேராது.

பெயர் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ‘அண்ட்’ என்பதை எழுத்தால் எழுதுவோரும் உண்டு, குறியால் எழுதுவோரும் உண்டு, மூன்றெழுத்துச் சுருக்கம் போட்டு நிறுத்திக்கொள்வோரும் உண்டு. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஏடாக எண்ணிவிடாமல் ஒன்றாகச் சேர்ப்பது சிறு வேலையன்று.

இந்த இடர்களைக் கண்டுதான் வேறு கோல்களைத் தேடினார்கள். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் ‘எச்-எண்’ என்ற ஒன்றை அறிமுகம் செய்தார். கட்டுரைகளை மேற்கோள் மிகுதிப்படி இறங்கு வரிசையில் நிறுத்துங்கள். 25, 14, 9, 6, 5, 4, 2, 1, 0, 0 என்று பத்துக் கட்டுரைக்கு மேற்கோள்கள் இருப்பதாகக் கொள்வோம். ஐந்தாம் கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது. ஆறாம் கட்டுரைக்கு ஆறு இல்லை, நான்கே. ஆகவே எச்-எண் 5. கூகுள் ஸ்காலர் 2012 முதல் ஏடுகளுக்கு இவ்வகை எண்ணைத் தருகிறது. சென்ற ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு கணிக்கிறது.

இந்தக் கோலில் நம் வார ஏட்டின் நிலை தலைகீழாகிறது. மேற்சொன்ன பத்துக் கட்டுரைகளோடு, மேற்கோளே பெறாத நூறு குறிப்புரைகளைச் சேர்த்துப் பாருங்கள். சராசரி படுத்துவிடும், எச்-எண்ணோ அசையாது, ஐந்தாகவே நிற்கும். நிறைய வெளியிடும் ஏட்டைச் சராசரி தண்டிக்கிறது, எச்-எண் மன்னிக்கிறது. அதுமட்டுமன்று, நிறைய வெளியிடுவோர்க்கு மேற்கோள் பெறும் கட்டுரை அமையும் வாய்ப்பும் மிகுதி. ஆதலால் எச்-எண் அவர்கள் பக்கம் சற்றுச் சாய்ந்தும் நிற்கிறது. ஒரே ஏடு, ஒரே ஆண்டு; ஒரு பட்டியலில் கீழே, மற்றொரு பட்டியலில் மேலே. இரண்டும் பொய்யல்ல. எந்தக் கோலைக் கையில் எடுக்கிறோம் என்பதிலேயே பாதி விடை அடங்கிவிடுகிறது. மல்லாபூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தில் நிற்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். மைக்ரோமீட்டரைக் கொண்டு சுவரை அளக்கமாட்டார், இழைநாடாவைக் கொண்டு தண்டின் விட்டத்தையும் அளக்கமாட்டார்.

மேற்கோள் என்றால் பாராட்டு என்றும் கொள்வதற்கில்லை. இந்திய வேளாண்மையில் நிலவும் உற்பத்தி முறை முதலாளியமா, அரை நிலக்கிழாரியமா என்று 1970-களில் இவ்வேட்டில் ஒரு பெரும் வாதம் நடந்தது. அசோக் ருத்ரா ஒன்று சொல்வார். உத்சா பட்நாயக் அதை மறுப்பார். மறுப்புக்கு மறுப்பு வரும். ஒவ்வொரு மறுப்பும் ஒரு மேற்கோள். அந்த வாதம் முழுவதையும் ஆலிஸ் தோர்னர் 1982-இல் மூன்று பகுதியாகத் தொகுத்து இவ்வேட்டிலேயே எழுதினார். எண்ணும் எந்திரத்துக்கு ‘இவர் கூறுவது முற்றும் பிழை’ என்பதும் ஒன்று, ‘இவர் வழியே நம் வழி’ என்பதும் ஒன்று. ஏடு தன்னைத் தானே மேற்கோள் காட்டி எண்ணை உயர்த்திக் கொள்ளும் குறுக்கு வழியும் உலகில் உண்டு. ஆகவே தன்-மேற்கோள் மிகுந்தால் குறியேட்டார் ஐயுறுவர். ஆனால் நேர்மையான ஒரு வாதம் ஓர் ஏட்டின் பக்கங்களிலேயே பல்லாண்டு நடந்தால், அதுவும் வெளித்தோற்றத்தில் அப்படியேதான் இருக்கும்.

எண்ணப்படாத வாசகர் கூட்டம் வேறு. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வருமுன்னும் வந்தபின்னும் அதுபற்றிய வாதங்கள் இவ்வேட்டில் நிறைந்திருந்தன. அவற்றைப் படித்த அதிகாரியும் தொழிற்சங்கத்தாரும் செய்தியாளரும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. எம். எஸ். எஸ். பாண்டியன் 2002-இல் இவ்வேட்டில் சாதியையும் நவீனத்தையும் பற்றி எழுதிய கட்டுரையைத் தமிழ்நாட்டில் படித்து வாதாடியோர் பலர் தமிழில் வாதாடியோர். பெரிய குறியேடுகளோ பெரும்பாலும் ஆங்கில ஏடுகளையே அள்ளுகின்றன. தமிழ்ச் சிற்றேட்டின் அடிக்குறிப்பு அந்த வலையில் சிக்காது. நம் மொழியில் எழுதும் ஆய்வு தானும் எண்ணப்படுவதில்லை. தான் எடுத்தாள்வதையும் எண்ணச் செய்வதில்லை. எனக்கு இதுவே பெருங்குறையாகப் படுகிறது.

நூலகர்க்குப் பிறந்த கோல் ஆட்களை அளக்க வந்தது எங்ஙனம்? பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியரின் வெளியீடுகளுக்குப் புள்ளியிடும் முறையைக் கொண்டுவந்தது. 2018-ஆம் ஆண்டு விதிகளில் ஏட்டின் தாக்கக் காரணி ஏற ஏறப் புள்ளியும் ஏறும் என்று அட்டவணையே உண்டு. போலி ஏடுகளைத் தடுக்கக் ‘கேர்’ பட்டியல் என்று ஒன்றை அமைத்தனர். 2025-இல் அதனைக் கைவிட்டனர். ஆனால் ஏட்டின் எண்ணைக் கட்டுரையின் எண்ணாகக் கொள்ளலாமா? நார்வே நாட்டு அறிஞர் பெர் செக்லன் 1997-இல் எழுதியதைப் பாருங்கள்: ஓர் ஏட்டின் மேற்கோள்களில் பாதியை அதன் கட்டுரைகளுள் நூற்றுக்குப் பதினைந்தே ஈட்டிவிடுகின்றன. எஞ்சிய எண்பத்தைந்தும் அந்தப் பதினைந்தின் நிழலில் குளிர்காய்கின்றன. இதை உணர்ந்துதான் 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய உயிரியல் அறிஞர்கள், ஆளைத் தேர்வதற்குத் தாக்கக் காரணியைப் பயன்படுத்தாதீர் என்று ஓர் அறிக்கை வகுத்தனர். எண்ணால் மிகுதியும் ஆதாயம் பெற்ற துறையினரே அதனைச் சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நண்பர் தம் கட்டுரையை அந்த வார ஏட்டுக்கே அனுப்பியிருக்கிறார். சூளைத் தொழிலாளரைப் பற்றிப் படிக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். புள்ளி குறைந்தால் வேலை தள்ளிப்போகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய வீட்டில் தங்கை இருவர் படித்துக் கொண்டிருக்கிறார்கள். ஆதலால் அதை எளிய முடிவு என்று நான் எழுதமாட்டேன். ஏற்பார்களா, திருப்புவார்களா என்று இன்னும் தெரியவில்லை.

அனுப்புமுன் அவர் என்னிடம் கேட்ட கடைசி வினா, எல்லார்க்கும் பயன்படும். பெயரை எப்படி எழுதுவது? நம் தலைப்பெழுத்து ஊர்ப்பெயரும் தந்தை பெயரும். மேல்நாட்டார்க்கோ குடும்பப்பெயர் வேண்டும். ஒருமுறை தந்தையின் பெயரைப் பின்னால் விரித்தெழுதி, மறுமுறை தலைப்பெழுத்தை முன்னால் நிறுத்தினால், குறியேட்டில் நீங்கள் இரண்டு ஆட்கள். ஒருவேளை அவற்றுள் ஒருவர் உங்கள் தந்தையார்! ஆகவே முதற் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, என்றும் அதையே எழுதுங்கள். கடவுச்சீட்டில் உள்ள வடிவமாக இருந்தால் இன்னும் நலம். 2012 முதல் ஆர்சிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பதிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆகும். நண்பருக்கு அன்றிரவே எடுத்துக் கொடுத்தேன்.